எஞ்சின் அடிபட்ட 100 சிசி மோட்டார் சைக்கிளைத் திரும்ப ஓட வைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடமும் திருகோணமலை வீதிகளைத் தாங்கியவை பழைய பஜாஜ் சீடி 100, பிளட்டினா, ஹீரோ ஹொண்டா ஸ்பிளெண்டர் போன்ற சின்ன வண்டிகள். குச்சவெளியிலிருந்து மீன் பெட்டி கட்டிக்கொண்டு ஓடுபவருக்கும், தம்பலகாமத்தில் வயலுக்குப் போய் வருபவருக்கும் இன்றைக்கும் அதே வண்டிதான். அப்படி ஒரு வண்டியின் எஞ்சின் புகைத்தாலோ தட்டினாலோ இறுகி நின்றாலோ, முறையாகச் செய்தால் அதைத் திரும்பவும் பல வருடம் ஓட வைக்கலாம்.

முறையாக என்பதில் இரண்டு விடயம் அடங்கும். அளவு எடுக்காமல் ஒரு சாமானும் வாங்கக் கூடாது. எஞ்சின் ஏன் கெட்டது என்று கண்டுபிடிக்காமல் அதை மூடக் கூடாது. செய்து முடித்த சில மாதத்தில் மறுபடி புகைக்கிற எஞ்சினைத் திறந்து பார்த்தால், இந்த இரண்டில் ஒன்று விடுபட்டிருக்கும்.

கழற்றுவதற்கு முன்

முதலில் புகையைப் பாருங்கள். அக்சிலேட்டர் முறுக்கும்போது தொடர்ந்து நீலப் புகை வந்தால் ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) அல்லது சிலிண்டர் தேய்ந்திருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு கும்பல் நீலப் புகை வந்து நின்றுவிட்டால், அல்லது அக்சிலேட்டரை விட்டு ஓடிப் பிறகு முறுக்கும்போது மட்டும் வந்தால், வால்வ் சீலும் வால்வ் கைடும் சந்தேகத்துக்குரியவை. கறுப்புப் புகை பெற்றோல் கூடுதலாக எரிவதைக் காட்டும். அதற்கு எஞ்சினைத் திறக்கத் தேவையில்லை. காபரேட்டரும் எயார் பில்டரும் பார்த்தால் போதும்.

அடுத்து சத்தம். குளிர்ந்த எஞ்சினில் "டக டக" என்று கேட்டு, சூடானதும் குறைந்தால் பிஸ்டன் சிலிண்டருக்குள் ஆடுகிறது. ஹெட்டில் (சிலிண்டரின் மேல் மூடியில்) இருந்து வரும் மெல்லிய "டிக் டிக்" டப்பட் (வால்வைத் தள்ளும் திருகு) இடைவெளியாக இருக்கலாம். அதைச் சரிசெய்தாலே போய்விடும். இடது அல்லது வலது பக்கமாகச் சங்கிலி உரசுவது போலக் கேட்டால் டைமிங் செயினும் அதன் டென்ஷனரும். பாரம் ஏற்றி இழுக்கும்போது அடியில் இருந்து கனமாக "டொக் டொக்" என்று வந்தால் கொன்ரொட், அதாவது பிஸ்டனைக் கிராங் என்ற சுழலும் அச்சோடு இணைக்கும் தண்டு. அந்தச் சத்தம் கேட்டபிறகு வண்டியை ஓட்டவே வேண்டாம். இன்னும் கொஞ்ச தூரம் ஓடினால் கொன்ரொட் உடைந்து கேஸையும் (எஞ்சினின் வெளிக் கூட்டையும்) துளைத்துக்கொண்டு போகும். பிறகு செலவு பல மடங்கு.

மூன்றாவது கம்ப்ரஷன். இதற்கான கேஜை பெரிய கராஜில் கேட்டு வாங்கலாம். எஞ்சினைச் சூடாக்கி, பிளக்கைக் கழற்றி, கேஜைப் பொருத்தி, அக்சிலேட்டரை முழுதாக முறுக்கிப் பிடித்தபடி ஐந்தாறு தடவை கிக் அடியுங்கள். அக்சிலேட்டர் மூடியிருந்தால் காற்று உள்ளே போகாது, நல்ல எஞ்சினும் மோசமாகக் காட்டும். நல்ல நிலையில் உள்ள 100 சிசி எஞ்சின் பெரும்பாலும் 130 முதல் 170 பிஎஸ்ஐ வரை காட்டும். 100க்குக் கீழே என்றால் கம்ப்ரஷன் போய்விட்டது. அப்போது பிளக் துவாரத்தால் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டுத் திரும்ப அளந்து பாருங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங் அல்லது சிலிண்டர் பக்கம் கோளாறு. ஏறவில்லை என்றால் வால்வ் அல்லது ஹெட் கஸ்கட் (ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் இடையில் கசிவைத் தடுக்கும் தகடு).

கிக்கரே இறங்காமல் இறுகியிருந்தால் அதன் மேல் ஏறி நிற்காதீர்கள். பிளக்கைக் கழற்றி உள்ளே கொஞ்சம் ஒயிலும் மண்ணெண்ணெயும் கலந்து விட்டு, ஒரு இரவு வைத்து, மறுநாள் மேக்னட் (கிராங் முனையில் சுழலும் காந்தச் சக்கரம்) நட்டில் சொக்கெட் போட்டு மெதுவாக இரு பக்கமும் அசைத்துப் பாருங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய எஞ்சின்

வடகீழ்ப் பருவ மழையில் மூதூர், வெருகல், கிண்ணியாப் பக்கம் இது புதிய விடயம் இல்லை. மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து பார்ப்பதுதான் பெரிய பிழை. தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது பிஸ்டன் மேலே ஏறினால் கொன்ரொட் வளையும். முதலில் பிளக்கைக் கழற்றி, வண்டியைச் சாய்த்து, கையால் மெதுவாகச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். பிறகு ஒயில் வடிக்கும் போல்ட்டைக் கழற்றுங்கள். வருவது பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் ஒயிலோடு தண்ணீர் கலந்துவிட்டது. மலிவான ஒயில் விட்டு, பிளக் இல்லாமல் கிக் அடித்துச் சுழற்றி, வடித்து, நிறம் தெளியும் வரை திரும்பச் செய்ய வேண்டும். காபரேட்டர், டேங்க், எயார் பில்டர் பெட்டி மூன்றையும் கழுவுங்கள். நல்ல ஒயில் விட்டு ஸ்டார்ட் செய்த பின், சுமார் 100 கிலோமீற்றரில் அந்த ஒயிலையும் மாற்றுங்கள்.

போனது கடல் நீர் அல்லது களப்பு நீர் என்றால் அன்றைக்கே இதைச் செய்ய வேண்டும். உப்பு நீர் ஒரு கிழமை உள்ளே நின்றால் பெயரிங்கும் சிலிண்டரும் துருவேறி, எஞ்சினை முழுதாகப் பிரிக்க வேண்டி வரும்.

ஒயிலை வடித்துப் படிப்பது

எஞ்சின் இளஞ்சூடாக இருக்கும்போது ஒயிலைச் சுத்தமான வெள்ளைத் தட்டில் வடியுங்கள். அதில் ஒரு காந்தத்தை விட்டு எடுங்கள். காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசை ஒட்டுவது இயல்பு. ஊசி போலவோ செதில் போலவோ இரும்புத் துண்டு வந்தால் கியர், பெயரிங், கொன்ரொட் பக்கம் பார்க்க வேண்டும். காந்தத்தில் ஒட்டாத வெள்ளி மினுக்கம் அலுமினியம், அதாவது பிஸ்டன் உரசியிருக்கிறது. எவ்வளவு ஒயில் வந்தது என்றும் அளந்து எழுதி வையுங்கள். சாதாரண மாற்றத்துக்கு ஏறத்தாழ ஒரு லீட்டர் கொள்ளும் எஞ்சினில் அரை லீட்டர்தான் வந்தால், அது ஏன் கெட்டது என்பதற்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது.

எந்த அளவு வேலை, எந்த அளவு செலவு

மலிவானது மேல் வேலை: வால்வ் சீல், வால்வ் அரைப்பு, கஸ்கட், தேவையானால் ரிங். அடுத்தது சிலிண்டரைப் போர் பண்ணி, அதாவது உள்ளே கடைந்து சற்றுப் பெரிதாக்கி, புதிய பிஸ்டன் போடுவது. கொன்ரொட், கிராங் பெயரிங் என்று போனால் எஞ்சினை இறக்கிக் கேஸைப் பிரிக்க வேண்டும். செலவும் வேலையும் அங்கேதான் ஏறும். முதல் இரண்டையும் பெரும்பாலான சின்ன வண்டிகளில் எஞ்சினை இறக்காமலே செய்யலாம்.

"பழைய எஞ்சின் ஒன்று வாங்கி மாற்றிவிடலாம்" என்று சிலர் சொல்வார்கள். எஞ்சின் இலக்கம் வண்டியின் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. எஞ்சினையோ இலக்கம் பொறித்த கேஸையோ மாற்றினால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைப் பதிய வேண்டும். விற்ற ஆளிடம் கடிதம் இல்லாமல் வாங்கிய எஞ்சின், பின்னால் வண்டியை விற்கும்போது பெரிய தலையிடி. கேஸ் உடையாத வரை சொந்த எஞ்சினைச் செய்வதே மேல்.

தேவையான கருவிகள்

8, 10, 12, 14, 17 மி.மீ. சொக்கெட்டும் ஸ்பானரும், இம்பாக்ட் ஸ்க்ரூ டிரைவர், பிளக் ஸ்பானர், பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), டோர்க் ரென்ச் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பானர்), சர்க்லிப் பிளையர், கஸ்கட் சுரண்ட மரத்துண்டு அல்லது பிளாஸ்டிக் தகடு. மைக்ரோமீற்றரும் போர் கேஜும் சொந்தமாகத் தேவையில்லை, லேத்தில் (சிலிண்டர் கடையும் பட்டறையில்) இருக்கும். ஆனால் அவை இல்லாமல் விரலால் தடவிப் பார்த்து "போர் பண்ண வேணும்" என்று சொல்லும் லேத்துக்கு சிலிண்டரைக் கொடுக்காதீர்கள்.

கடற்கரையோர வண்டிகளுக்கு ஒரு தனிக் குறிப்பு. சைலன்ஸர் நட்டுகள் உப்புக் காற்றில் துருவேறி ஸ்டட்டோடு (ஹெட்டில் பதித்த திருகுக் கம்பியோடு) ஒன்றாகியிருக்கும். பலமாக முறுக்கினால் ஸ்டட் ஹெட்டுக்குள் உடையும். முதல் நாள் இரவே துரு நீக்கும் எண்ணெய் அடித்து வைத்து, மறுநாள் கொஞ்சம் இறுக்கிப் பிறகு தளர்த்தி, மறுபடி எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாக எடுங்கள். திரும்பப் பூட்டும்போது செப்புக் கிரீஸ் தடவுங்கள்.

ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றுதல்

முதலில் எஞ்சினை வெளியே நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள். சிலிண்டரைச் சுற்றியுள்ள குளிரூட்டும் தகடுகளுக்கு இடையில் இருக்கும் மணல் ஹெட்டைத் தூக்கும்போது உள்ளே கொட்டும். டேங்க், காபரேட்டர், சைலன்ஸர், பிளக் எல்லாவற்றையும் எடுங்கள்.

மேக்னட் கவரில் உள்ள இரண்டு மூடிகளையும் திறந்து, மேக்னட் நட்டில் சொக்கெட் போட்டு எஞ்சின் ஓடும் திசையில் சுற்றுங்கள். பெரும்பாலான வண்டிகளில் இடப்பக்கம் நின்று பார்க்க அது கடிகாரத்துக்கு எதிர்த்திசை. மேக்னட்டில் உள்ள "டீ" குறி ஜன்னல் குறியோடு நேராக வரும்போது இரண்டு ரொக்கரும் (வால்வை அமுக்கும் கைகள்) கையால் ஆட வேண்டும். ஆடவில்லை என்றால் இன்னொரு முழுச் சுற்று. கேம் வீலில் (ஹெட்டில் டைமிங் செயின் சுற்றும் பற்சக்கரத்தில்) உள்ள குறி எங்கே நிற்கிறது என்று இப்போதே தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

டென்ஷனரைத் தளர்த்தி, கேம் வீலைக் கழற்றி, டைமிங் செயினை ஒரு கம்பியால் சட்டத்தில் கட்டுங்கள். அது உள்ளே விழுந்தால் எடுக்க அரை நாள் போகும். ஹெட் நட்டுகளை ஒன்றுக்கு எதிரே ஒன்றாக, ஒவ்வொரு தடவையும் கால் சுற்று வீதம் தளர்த்துங்கள். எந்த நட், எந்த வாஷர் எந்த மூலையில் இருந்தது என்று அட்டைத் துண்டில் எஞ்சின் படம் வரைந்து அதிலேயே குத்தி வையுங்கள். பல எஞ்சின்களில் ஒரு ஸ்டட் துவாரம் வழியாகத்தான் ஒயில் மேலே ஏறுகிறது. அந்த மூலைக்கு மூடிய நட்டும் செப்பு வாஷரும் வரும். மாறினால் ஒயில் கசியும்.

ஹெட் ஒட்டிக்கொண்டிருந்தால் றப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டுங்கள். ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பினால் அலுமினியத்தில் கீறல் விழும், அந்தக் கீறலால்தான் பிறகு கம்ப்ரஷன் போகும். சிலிண்டர் பாதி மேலே வந்ததும் நின்று, கேஸ் வாயில் சுத்தமான துணியை நிரப்புங்கள். உடைந்த ரிங் துண்டோ சர்க்லிப்போ உள்ளே விழுந்தால், மேல் வேலையோடு முடிய வேண்டியது கேஸ் பிரிப்பில் போய் நிற்கும்.

பிஸ்டன் சொல்லும் காரணம்

பிஸ்டனைக் கழுவுவதற்கு முன் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். சைலன்ஸர் பக்கம் மட்டும் உரசிய தடம் இருந்தால் ஒயில் குறைவு அல்லது அதிக சூடு. நான்கு மூலையிலும் சமமாக உரசியிருந்தால் இடைவெளி போதாமல் இறுகியிருக்கிறது. இது புதிதாகப் போர் பண்ணிய எஞ்சினில் வருவது. காபரேட்டர் பக்கம் ஒயில் கழுவுண்டு மினுங்கினால் பெற்றோல் கூடுதலாக வந்திருக்கிறது.

சுற்றிவர மேலும் கீழுமாக மெல்லிய கோடுகள் ஓடி, மேற்பரப்பு மங்கிய சாம்பல் நிறமாக இருந்தால் அது மணல். நிலாவெளி, புல்மோட்டை வீதிகளிலும் கடற்கரை ஒழுங்கைகளிலும் ஓடும் வண்டிகளில் இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். எயார் பில்டர் கிழிந்திருக்கும், அல்லது "இழுவை கூடும்" என்று யாரோ அதைக் கழற்றி எறிந்திருப்பார்கள். பில்டர் பெட்டிக்கும் காபரேட்டருக்கும் இடையில் உள்ள றப்பர் குழாயில் வெடிப்பு இருந்தாலும் இதே கதைதான். இதைப் பார்க்காமல் புதிய பிஸ்டன் போட்டால் அதையும் அதே மணல் தின்னும்.

பிஸ்டன் தலையில் உருகிய குழி இருந்தால் கலவையில் பெற்றோல் குறைந்து எரிந்திருக்கிறது அல்லது பிழையான பிளக். காபரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள இன்சுலேட்டரில் காற்று இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அளவு எடுத்தல்

சீடி 100 எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 53 மி.மீ., ஓட்டம் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) 45 மி.மீ. பழைய ஸ்பிளெண்டர் 50 மி.மீ., 49.5 மி.மீ. சிலிண்டரை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், ஒவ்வொரு இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். மொத்தம் ஆறு அளவு. ரிங் வந்து திரும்பும் மேல் பகுதிதான் அதிகம் தேய்ந்திருக்கும். பிஸ்டனை, கொன்ரொட்டோடு இணைக்கும் பிஸ்டன் பின் ஓடும் திசைக்குக் குறுக்காக, அடி விளிம்பில் இருந்து சுமார் 10 மி.மீ. மேலே அளக்க வேண்டும். தலையில் அளந்தால் பிழையான எண் வரும், ஏனென்றால் பிஸ்டன் மேலே ஒடுங்கியே செய்யப்பட்டிருக்கிறது.

ஒரு உதாரணம். சீடி 100 சிலிண்டரில் அதிகபட்ச அளவு 53.09. பிஸ்டன் 52.95. இடைவெளி 0.14 மி.மீ. புதிய நிலையில் இது 0.02 முதல் 0.04 வரை இருக்க வேண்டும், 0.10ஐத் தாண்டினால் போர் பண்ண வேண்டும். ஆகவே இங்கே ரிங் மட்டும் போடுவது காசைக் கடலில் போடுவது. மேலுக்கும் கீழுக்கும், அல்லது குறுக்குக்கும் நெடுக்குக்கும் 0.05க்கு மேல் வித்தியாசம் இருந்தாலும் புதிய ரிங் வட்டமாக உட்காராது.

சிலிண்டர் அளவுக்குள் இருந்தால் ரிங்கைப் பாருங்கள். ரிங்கைத் தனியாகச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, அதன் வாய் இடைவெளியைப் பீலர் கேஜால் அளந்து பாருங்கள். புதியதில் 0.15 முதல் 0.30 வரை. 0.50ஐத் தாண்டினால் மாற்ற வேண்டும். புதிய ரிங்கையும் இப்படி அளக்காமல் போடாதீர்கள். 0.10க்குக் கீழே இருந்தால் சூட்டில் வாய் முட்டி ரிங் உடையும். மெல்லிய அரத்தால் கொஞ்சம் தேய்த்து எடுக்கலாம்.

போர் பண்ணுவது

பிஸ்டனை முதலில் வாங்குங்கள், பிறகு சிலிண்டரை லேத்துக்குக் கொண்டு போங்கள். இந்த ஒழுங்கு மாறவே கூடாது. 0.25, 0.50, 0.75, 1.00 என்று கூடிய அளவுப் பிஸ்டன்கள் வரும். எல்லாக் கொம்பனியும் எல்லா அளவும் விடுவதில்லை, அதனால் சாமான் கடையில் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும். 0.50 பிஸ்டனை வாங்கி அளந்தால் 53.47 காட்டுகிறது என்று வைப்போம். லேத்தில் "0.50க்குப் போர் பண்ணுங்கோ" என்று மட்டும் சொல்லாமல், அந்தப் பிஸ்டனையே கொடுத்து, 0.03 இடைவெளி வருமாறு 53.50க்குக் கேளுங்கள். கடைசிச் சில நூறில் ஒரு பங்கு மில்லிமீற்றரை ஹோன் கல்லால்தான் எடுக்க வேண்டும். உள்ளே குறுக்கு நெடுக்காக மெல்லிய கோடுகள் தெரிய வேண்டும். கண்ணாடி போல மினுங்கினால் ஒயில் தங்காது, ரிங்கும் படியாது. அடி விளிம்பு சற்றுச் சரிவாக வெட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் பூட்டும்போது ரிங் சிக்கும்.

இந்த முறை இரும்பு ஸ்லீவ் உள்ள சிலிண்டருக்குத்தான். உள்ளே பூச்சுப் பூசிய அலுமினியச் சிலிண்டர் என்றால் போர் பண்ண முடியாது, மாற்ற வேண்டும். காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்தால் தெரியும்.

வீட்டுக்குக் கொண்டு வந்ததும் சிலிண்டரைச் சுடுநீரும் சவர்க்காரமும் போட்டு பிரஷால் தேயுங்கள். பெற்றோலால் கழுவினால் ஹோன் கல்லின் தூள் கோடுகளுக்குள்ளேயே நிற்கும். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரும் வரை கழுவுங்கள். உடனே துடைத்து ஒயில் பூசிவிடுங்கள். எங்கள் ஊர்க் காற்றில் வெறும் இரும்பை ஒரு இரவு வைத்தால் காலையில் செந்நிறமாகிவிடும்.

ஹெட்டும் வால்வும்

வால்வ்களைக் கழற்றுமுன் ஹெட்டைக் கவிழ்த்து, இன்லெட் துவாரத்திலும் சைலன்ஸர் துவாரத்திலும் மாறி மாறிப் பெற்றோல் விட்டு ஒரு சில நிமிடம் பாருங்கள். வால்வ் ஓரத்தில் ஈரம் கசிந்தால் அரைக்க வேண்டும். முதலில் தடித்த பேஸ்ட், பிறகு மெல்லியது. இரு பக்கமும் மாறி மாறிச் சுழற்றி, இடைக்கிடை தூக்கித் திருப்பி வையுங்கள். இருக்கையில் சுற்றிவர ஒரே அகலத்தில், சுமார் 1 மி.மீ. அளவில் மங்கிய வளையம் வந்தால் போதும். 1.5ஐத் தாண்டினால் லேத்தில் இருக்கை வெட்ட வேண்டும். வால்வ் தண்டு கைடுக்குள் பக்கவாட்டில் ஆடினால் கைடையும் மாற்றுங்கள். ஆடும் கைடில் புதிய சீல் நிலைக்காது. சீல்களை எப்படியும் மாற்றுங்கள், விலை சிறிது.

ஹெட்டின் முகத்தில் நேர் அளவுகோலைக் குறுக்காக வைத்து, கீழே 0.05 பீலர் நுழைகிறதா பாருங்கள். நுழைந்தால், தடித்த கண்ணாடியில் 400 எமரித்தாள் ஒட்டி, எட்டு வடிவில் ஒரே அழுத்தத்தில் தேய்த்துச் சமன் செய்யலாம்.

கொன்ரொட்

பிஸ்டன் இல்லாத நிலையில் கொன்ரொட்டைப் பிடித்து நேர் மேலும் கீழுமாக இழுத்துப் பாருங்கள். கொஞ்சமும் ஆட்டம் இருக்கக் கூடாது. பக்கவாட்டில் ஆடுவது இயல்பு, அதைப் பார்த்துப் பயந்து நல்ல கிராங்கைப் பிரித்தவர்கள் இருக்கிறார்கள். பக்க இடைவெளியைப் பீலரால் அளந்து 0.6 அளவைத் தாண்டினால்தான் யோசிக்க வேண்டும்.

மேல் கீழ் ஆட்டம் இருந்தால் எஞ்சினை இறக்கி, கிளச், மேக்னட் எல்லாம் எடுத்து, கேஸைப் பிரிக்க வேண்டும். மேக்னட்டை அதற்குரிய புல்லரால்தான் எடுக்க வேண்டும். கிராங்கைப் பிரஸ்ஸில் பிரித்து, கொன்ரொட் கிட் போட்டு, திரும்ப அழுத்தியபின் இரண்டு முனையும் ஒரே கோட்டில் சுழல்கிறதா என்று டயல் கேஜில் காட்டச் சொல்லுங்கள். 0.03க்குள் இருந்தால் நல்லது, 0.05 எல்லை. டயல் இல்லாமல் கண்ணால் பார்த்துச் செய்யும் இடம் என்றால், காசு சேர்த்து முழுக் கிராங்காக வாங்குவதே நல்லது. பெயரிங்கில் "சி3" (உள் இடைவெளி கூடிய வகை) என்று பொறித்திருந்தால் புதியதும் சி3 ஆகவே இருக்க வேண்டும். பூட்டும்போது கேஸைச் சுமார் 100 பாகைக்குச் சூடாக்கி, பெயரிங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் தட்டாமலே இறங்கும்.

ஒயில் போகும் வழி

இறுகிய எஞ்சினில் இதைத் தவறவிட்டால் எல்லா வேலையும் வீண். கிளச் கவரைத் திறந்து, ஒயில் வலையை மண்ணெண்ணெயில் கழுவுங்கள். கிராங் முனையில் சுழலும் வடிகட்டி உள்ள எஞ்சின்களில் அதன் மூடியைத் திறந்தால் உள்ளே களி போல இறுகிய அழுக்கு இருக்கும். மரக்குச்சியால் சுரண்டி எடுங்கள். ஒயில் பம்ப் ரொட்டரில் கீறல் இருந்தால் மாற்றுங்கள். ஸ்டட் துவாரங்களுக்குள் காற்று அடித்து, ஹெட் வரை வழி திறந்திருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

பூட்டுதல்

எல்லாப் பகுதிக்கும் புதிய ஒயில் பூசியபடி பூட்டுங்கள். கீழிருந்து மேலாக: முதலில் ஒயில் ரிங்கின் அலை வளையம், அதன் இரண்டு மெல்லிய தகடுகள், பிறகு இரண்டாம் ரிங், கடைசியாக மேல் ரிங். எழுத்துப் பொறித்த பக்கம் மேலே. ரிங் வாய்கள் மூன்றும் 120 பாகை இடைவெளியில் நிற்கட்டும். ஒயில் ரிங் தகடுகளின் வாய்கள் அலை வளையத்தின் வாயிலிருந்து இரு பக்கமும் சுமார் 20 மி.மீ. விலகட்டும்.

பிஸ்டன் தலையில் "இன்" என்று இருந்தால் அது காபரேட்டர் பக்கம், அம்புக்குறி இருந்தால் பெரும்பாலும் சைலன்ஸர் பக்கம். பழைய பிஸ்டன் எப்படிப் பூட்டியிருந்தது என்பதோடு ஒப்பிடுங்கள். சர்க்லிப் எப்போதும் புதியது. அதன் வாய் பிஸ்டனில் உள்ள வெட்டுக்கு நேராக நிற்கக் கூடாது.

அடி கஸ்கட், டோவல் பின்கள், ஒயில் துவாரத்துக்கான சின்ன ஓ-ரிங். பட்டாணியை விடச் சிறிய இந்த றப்பர் வளையம் பழைய கஸ்கட்டோடு குப்பையில் போய்விடும். அது இல்லாமல் பூட்டினால் ஹெட்டுக்கு ஒயில் குறைந்து கேம் உரசும், அல்லது அடியால் கசியும். ஹெட் கஸ்கட்டுக்குப் பசை பூசத் தேவையில்லை.

சிலிண்டரை இறக்கும்போது ரிங்குகளை விரலால் அமுக்கி, ஆட்டாமல் நேராக இறக்குங்கள். தடுத்தால் அழுத்த வேண்டாம், தூக்கிப் பாருங்கள். ஹெட் நட்டுகளை எதிரெதிராக மூன்று சுற்றில் இறுக்குங்கள். 8 மி.மீ. ஸ்டட்டுக்குப் பெரும்பாலும் 18 முதல் 22 நியூட்டன் மீற்றர், 6 மி.மீ. போல்ட்டுக்கு சுமார் 10. உங்கள் வண்டிக்கான சேர்விஸ் புத்தகத்தில் வேறு எண் இருந்தால் அதுவே சரி.

மேக்னட் "டீ" குறியிலும் கேம் வீல் குறி அதன் இடத்திலும் நிற்க, செயினைப் போட்டு டென்ஷனரை விடுங்கள். பிறகு மேக்னட் நட்டைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் திரும்ப நேராக வருகின்றனவா பாருங்கள். எங்காவது கடினமாகத் தடுத்தால் வால்வ் பிஸ்டனில் முட்டுகிறது, நிறுத்துங்கள். டப்பட் இடைவெளியைக் குளிர்ந்த எஞ்சினில் வையுங்கள்: பஜாஜ் சின்ன வண்டிகளில் வழமையாக இன்லெட் 0.05, எக்ஸோஸ்ட் 0.10. சத்தம் வராமல் இருக்க இறுக்கி வைப்பது கூடாது. வால்வ் முழுதாக மூடாமல் எரிந்துபோகும்.

முதல் ஸ்டார்ட்டும் முதல் 1500 கிலோமீற்றரும்

பிரித்துப் பூட்டிய எஞ்சின் சாதாரண அளவை விட 100 முதல் 200 மில்லி கூடுதலாகக் கொள்ளும். ஜாசோ எம்ஏ என்று போத்தலில் எழுதிய மோட்டார் சைக்கிள் ஒயிலே வேண்டும். கார் ஒயில் கிளச்சை வழுக்க வைக்கும். பிளக் இல்லாமல் ஐம்பது தடவையாவது கிக் அடித்து, டப்பட் மூடியைத் திறந்து ஒயில் மேலே வந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். வராமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

முதல் தடவை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, சத்தத்தையும் கசிவையும் கவனித்து நிறுத்துங்கள். கொஞ்சம் புகைப்பது பூட்டும்போது பூசிய ஒயில்தான். முழுதாகக் குளிர்ந்தபின் ஹெட் நட்டுகளையும் டப்பட்டையும் ஒரு தடவை பாருங்கள்.

பிறகு மணிக்கணக்கில் ஐட்லிங்கில் விடாதீர்கள், ரிங் படிவது ஓட்டத்தில்தான். நகரத்தில் இருந்து நிலாவெளி வரையான சுமார் 15 கிலோமீற்றர் வீதி மேடில்லாதது, இதற்கு வாய்ப்பானது. 40, 45க்கு மேல் போகாமல், ஒரே வேகத்தில் பிடிக்காமல், கூட்டியும் குறைத்தும் ஓட்டுங்கள். போய்ச் சேர்ந்ததும் ஆறவிட்டுத் திரும்புங்கள். முதல் 500 கிலோமீற்றருக்கு மீன் பெட்டியோ நெல் மூட்டையோ பின்னால் இன்னொரு ஆளோ வேண்டாம். 300க்கும் 500க்கும் இடையில் ஒயிலை மாற்றி, வலையைக் கழுவி, டப்பட்டைத் திரும்ப அளந்து பாருங்கள். 1500 வரை 60ஐத் தாண்டாமல் ஓட்டி, இரண்டாம் தடவையும் ஒயிலை மாற்றுங்கள். அதுவரை ஒவ்வொரு காலையிலும் வண்டியை நிமிர்த்தி ஒயில் குச்சியைப் பார்க்க வேண்டும். முதல் சில நூறு கிலோமீற்றரில் சற்றுக் குறையும், நிரப்பிக்கொள்ளலாம். 1000 தாண்டியும் குறைந்துகொண்டே போனால் கம்ப்ரஷனைத் திரும்ப அளந்து, ஒயில் விட்டும் விடாமலும் வரும் இரண்டு எண்களையும் எழுதிக்கொண்டு லேத்துக்குப் போங்கள்.